ஜோனி யுனைட்டாஸ்: சட்டைத் தெறி பூட்ட முடியாமற்போன கை

ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் மகனுக்கு 16 வயது. அமெரிக்க உதைபந்தாட்டத்தின் கனேடிய வடிவத்தைப் பாடசாலை அணியில் விளையாடுகிறான். அவனுடைய இடம் குவாட்டர்பேக். பந்தை எறிவதுதான் அவன் வேலை. செப்ரெம்பரில் தொடங்கும் பருவம் நவம்பரில் முடிந்துவிடும். பாடசாலை விட்ட பிறகு பயிற்சி. நாற்பது பிள்ளைகளுக்கு மத்தியில் இவனுடைய கையைத் தனியாகப் பார்க்கப் பயிற்றுநருக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிய விடயம். சனி, ஞாயிறில் கடையொன்றில் பெட்டி அடுக்கும் வேலை. மிச்ச நேரத்தில் வீட்டு நிலக்கீழ் அறைச் சுவரில் பந்தை எறிந்துகொண்டிருப்பதாக அக்கா தொலைபேசியில் குறைப்பட்டாள். அவன் குறுக்கிட்டு, தன்னைவிட நேரம் குறைந்த ஒருவர் முன்பு இருந்தார் என்று ஒரு பெயர் சொன்னான். யுனைட்டாஸ்.

ஊடகக் கற்கைகளில் பட்டம் எடுத்தவன் நான். விளையாட்டு எழுத்து என் துறை அல்ல. அந்தப் பெயரை மருமகனுக்காகத் தேடத் தொடங்கினேன். தேடலின் முடிவில் ஒரு கையைப் பற்றிய விபரத்தைப் படித்தபோது, முன்விறாந்தையில் கதிரையில் இருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஜோனி யுனைட்டாஸ் 1933 மே 7ஆம் திகதி அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் பிறந்தார். உருக்காலைகளும் நிலக்கரியும் புகையும் நிறைந்த ஊர். லித்துவேனியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் குடும்பம். தந்தைக்குச் சிறிய நிலக்கரி விநியோகத் தொழில் இருந்தது. ஜோனிக்கு ஐந்து வயதானபோது நிமோனியா காய்ச்சலில் தந்தை இறந்துபோனார். நான்கு பிள்ளைகளோடு நின்ற தாய் ஹெலன் தொழிலைத் தானே ஏற்று நடத்தினார். இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். இரவுப் பாடசாலைக்குப் போய்க் கணக்குப்பதிவும் படித்தார். எங்கள் அறிக்கைகளில் இப்போது பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டுப் போகிறோம். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் இரவு வேலையையும் பகல் வேலையையும் இந்தத் தாயின் கதை எனக்கு மறுபடி எண்ணிக் காட்டியது. சிறுவன் ஜோனி அயல்வீடுகளின் நிலக்கீழ் அறைகளுக்குள் சவளால் நிலக்கரி அள்ளிப்போட்டுக் காசு சேர்த்தான்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பந்து இரு முனையும் கூர்ந்தது. நீளம் ஏறக்குறைய 28 சென்ரிமீற்றர், எடை 400 கிராமுக்குச் சற்று மேல். காலால் உதைப்பது குறைவு, கையில் கொண்டு ஓடுவதும் எறிவதும்தான் அதிகம். குவாட்டர்பேக் பந்தை வாங்கிக்கொண்டு பின்னே சில அடிகள் நகர்ந்து, எதிரணிப் பருமனான ஆட்கள் தன்மேல் வந்து விழுவதற்குள், ஏறக்குறைய மூன்று வினாடிகளில், ஓடிக்கொண்டிருக்கும் தன் அணி வீரருக்கு எறியவேண்டும். ஆள் நிற்கும் இடத்துக்கு எறிந்தால் பிழை. அவர் வந்துசேரப்போகும் இடத்துக்கு எறியவேண்டும்.

எறிவதைக் கைவேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மருமகன் அனுப்பிய காணொளியை அப்பாவுக்குக் காட்டியபோது, அவர் பையனின் கையைப் பார்க்கவே இல்லை. அவனுடைய கால்களைச் சுட்டிக்காட்டினார். அப்பா தச்சர். சீவுளி தள்ளுகிறவனுக்குப் பலம் தோளிலிருந்து வருவதில்லை, பின்னங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறி, அங்கிருந்து தோளுக்கு வந்து, கடைசியில்தான் கைக்கு வருகிறது என்பது அவருக்குத் தெரியும். எறிவதும் அதே ஒழுங்குதான். பக்கவாட்டில் நின்று, முன்காலை இலக்கை நோக்கி வைத்து, இடுப்பைத் திருப்ப, தோள் அதன் பின்னால் வர, முழங்கை தோள்மட்டத்துக்குக் கீழே தொய்யாமல் வர, மணிக்கட்டு கடைசியாக வருகிறது. பந்தை விட்டு இறுதியாகப் பிரிவது சுட்டுவிரல். விட்ட பிறகு உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பி, பெருவிரல் நிலத்தை நோக்கும். இந்த ஒழுங்கு சரியாக இருந்தால் பந்து தன் அச்சிலேயே சுழன்று காற்றைக் கிழித்துப் போகும். ஒரு கண்ணி பிசகினாலும் தள்ளாடும். கால் பிசகினால் அந்தக் குறையை ஈடுசெய்ய முழங்கையும் தோளும் இழுபடும். அங்கேதான் இளம் பையன்களின் கை கெடுகிறது.

யுனைட்டாஸ் படித்தது சென் ஜஸ்ரின் என்ற சிறிய கத்தோலிக்கப் பாடசாலையில். நொட்டர் டாம் பல்கலைக்கழகம் அவரை ஒல்லி என்று விட்டுவிட்டது. ஆறடி உயரம், 66 கிலோ எடை. பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தின் நுழைவுப் பரீட்சையில் தேறவில்லை. கடைசியில் 1951இல் கென்ரக்கி மாநிலத்தின் லூயிவில் பல்கலைக்கழகம் புலமைப்பரிசிலோடு எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே அங்கே விளையாட்டுக்கான செலவைக் குறைத்தார்கள். பல வீரர்கள் வெளியேறினார்கள். மிஞ்சிய சிறிய அணியில் யுனைட்டாஸ் எறிந்ததோடு எதிரணியைத் தடுக்கவும் ஓடினார். தோல்விகள்தான் கூடுதல்.

1955இல் தொழில்முறைக் கழகங்கள் ஆட்களைத் தெரிவுசெய்தபோது அவருடைய பெயர் ஒன்பதாவது சுற்றில்தான் வந்தது. எடுத்தது சொந்த ஊர் அணியான பிற்ஸ்பேர்க் ஸ்ரீலர்ஸ். பயிற்சி முகாமில் நான்கு குவாட்டர்பேக்குகள். பருவத்துக்கு முந்திய ஐந்து ஆட்டங்களில் ஒன்றில்கூட யுனைட்டாஸை இறக்கவில்லை. இந்தப் பொறுப்புக்குத் தேவையான புத்தி இவரிடம் இல்லை என்பது பயிற்றுநர் வோல்ற் கீஸ்லிங்கின் எண்ணம். மைதானத்தின் ஓரத்தில் அணி உரிமையாளர் ஆர்ட் ரூனியின் மகன்மாருக்குப் பந்து எறிந்துகொண்டிருப்பதுதான் அவருக்குக் கிடைத்த பயிற்சி. இவர்தான் இங்கே மிகச் சிறந்தவர் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. பருவம் தொடங்குமுன் அணியிலிருந்து நீக்கினார்கள். பேருந்துக் காசை மிச்சம் பிடிக்க வழியில் வந்த வாகனங்களை மறித்து ஏறி வீடு திரும்பினார். அப்போது அவருக்குத் திருமணமாகியிருந்தது.

அடுத்த ஐந்து மாதங்கள்தான் என் மருமகனுக்குத் தேவையான பகுதி. பகலில் கட்டட வேலை. நிலத்துக்குள் தூண்களை அடித்து இறக்கும் இயந்திரத்தோடு நிற்கும் கூலியாள். மாலையில் புளூம்ஃபீல்ட் றாம்ஸ் என்ற அயலூர் அரைத்தொழில்முறை அணி. அவர்கள் ஆடிய மைதானத்தில் புல் இல்லை. புழுதி எழும்பாமல் இருக்க எண்ணெய் தெளித்த மண்தரை. ஓர் ஆட்டத்துக்கு 6 டொலர். குவாட்டர்பேக்காக எறிவார், பந்து எதிரணியிடம் போனால் தடுப்பாட்டத்துக்கும் நிற்பார். தொழில்முறை அணியில் நாள்முழுக்க எறியக் கிடைப்பவனின் வசதி இல்லை. ஆனால் ஸ்ரீலர்ஸில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது. உண்மையான ஆட்டத்தில், உண்மையான ஆட்கள் பாய்ந்து வரும்போது எறியும் வாய்ப்பு அது.

இந்த இடத்தில் ஒரு சண்டை பிடிக்கவேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் இந்தக் கதையைச் சொல்கிறவர்களில் பலர், தூண் அடித்த வேலையும் எண்ணெய் மண்ணும்தான் அவரை வைரமாக்கியது என்பதுபோலச் சொல்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. அதே மண்ணில், அதே ஆறு டொலருக்கு ஓடிய மற்றவர்கள் யாரும் வைரமாகவில்லை. வறுமை அவருடைய நேரத்தைத் தின்றது. மிஞ்சியதை அவர் வீணாக்கவில்லை, அவ்வளவுதான். துன்பம்தான் எங்களைத் திடமாக்கியது என்று மேடைகளில் எங்களுக்கும் சொல்கிறார்கள். அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கதிரைகளில் இருந்துகொண்டு சொல்கிறார்கள்.

1956 பெப்ரவரியில் பால்ரிமோர் கோல்ற்ஸ் அணியின் பொது முகாமையாளர் டொன் கெலற் தொலைபேசியில் அழைத்தார். ஒரு டொலருக்கும் குறைந்த செலவில் எடுத்த அழைப்பு. அணியில் நிலைத்தால் 7,000 டொலர் சம்பளம். தலைமைப் பயிற்றுநர் வீப் யூபாங்க் அவரை எறியவிட்டுப் படங்கள் எடுத்தார். பந்தை வாங்க நிற்கும்போது ஒன்று, எறிய ஆயத்தமாகும்போது ஒன்று, எறிந்து முடிக்கும்போது ஒன்று. அந்தக் கடைசிப் படத்தில்தான் அவர்கள் நின்றார்கள். பந்து போன பிறகும் கை நிற்காமல் முழுவதுமாகப் போய், விரல்கள் புரண்டு, புறங்கை தெரியும் அளவுக்குத் திரும்பியிருந்தது. அப்படி ஒரு முடிவை அவர்கள் அதற்குமுன் கண்டதில்லை. அதே படத்தைப் பார்த்து யூபாங்குக்கு ஒரு பயமும் வந்தது. இப்படி முறுக்கினால் ஒருநாள் முழங்கை போய்விடுமோ என்ற பயம். ஆனால் அவர் கைவைக்கவில்லை. இயல்பாக வருவதைப் பயிற்றுநர் திருத்தப் போனால் இருப்பதும் போய்விடும் என்பது அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும். சரியான முடிவா என்று கேட்டால், ஆட்டத்தைப் பொறுத்தவரை ஆம் என்பேன்.

மருமகனுக்கு நான் முதலில் எழுதி அனுப்பியது இந்த மூன்று படங்களைப் பற்றித்தான். கையில் பத்து நிமிடம் என்றால் நூறு தரம் எறிவதைவிட, பத்துத் தரம் எறிந்து மூன்று இடங்களில் படம் பிடித்துப் பார்ப்பது பலன் தரும். கைத்தொலைபேசி உள்ள பையனுக்கு 1956இல் யூபாங்கிடம் இருந்ததைவிட வசதி அதிகம். சுவரில் ஓங்கி அடிப்பதை விடச் சொன்னேன். நிலக்கீழ் அறையில் பந்தே இல்லாமல் காலடி மட்டும் பழகலாம், வாங்கி, பின்னே மூன்றடி வைத்து, ஊன்றி நிற்பதை. கை களைக்காது, அக்காவுக்கும் சத்தம் இருக்காது.

முதல் வாய்ப்பு அழகாக வரவில்லை. 1956 பருவத்தின் நான்காவது ஆட்டத்தில் கோல்ற்ஸின் முதல்நிலை குவாட்டர்பேக் ஜோர்ஜ் ஷோவின் கால் உடைந்தது. யுனைட்டாஸை இறக்கினார்கள். தொழில்முறையில் அவருடைய அந்த முதல் எறிவை சிக்காகோ வீரர் ஒருவர் இடையில் பறித்துக்கொண்டு ஓடிப் புள்ளி எடுத்தார். பிறகு கைமாற்றும்போதும் பந்து நழுவியது. கோல்ற்ஸ் 58க்கு 27 என்று தோற்றது. ஆனாலும் அடுத்த கிழமை அவரையே இறக்கினார்கள். வேறு ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம். அதற்குப் பிறகு அந்த இடம் அவரிடமிருந்து போக ஆண்டுகள் பல ஆயின.

பால்ரிமோரில் அவருக்குக் கிடைத்த மிகப்பெரிய சொத்து றேமண்ட் பெரி. பந்து பிடிக்கும் வீரர். இருபதாவது சுற்றில் தெரிவானவர், கண் பார்வை குறைந்தவர், ஒரு கால் மற்றதைவிடக் கட்டை. அணிப் பயிற்சி முடிந்து மற்றவர்கள் குளிக்கப் போனதும் இவர்கள் இருவரும் மைதானத்தில் மிஞ்சுவார்கள். பயிற்சிக்கு ஒதுக்கிய நேரத்தில் குவாட்டர்பேக் எல்லோருக்கும் எறியவேண்டும், எல்லாத் திட்டங்களையும் ஒருமுறை ஓடிப்பார்க்கவேண்டும். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய நேரம் கிடைக்காது. அந்தத் திரும்பச்செய்தலை இருவரும் இருட்டுப்படும் நேரத்தில் திருடி எடுத்தார்கள். பெரி இத்தனையாவது அடியில் திரும்புவார் என்று யுனைட்டாஸின் உடம்புக்கே தெரியும்வரை எறிந்தார்கள். அதனால் பெரி திரும்பும் முன்பே பந்து கையைவிட்டுப் புறப்பட்டிருக்கும். பெரியின் கண்ணுக்குப் பார்வை குறைவு என்பது பிறகு ஒரு குறையாகவே இருக்கவில்லை. பந்து எங்கே வரும் என்று தேடவேண்டிய தேவை இல்லையே.

1958 டிசம்பர் 28ஆம் திகதி நியூ யோர்க் யாங்கி அரங்கில் நடந்த இறுதிப்போட்டியில் இந்த இருட்டுப்பயிற்சி வெளியே வந்தது. அந்தப் பருவத்தின் நடுவே விலா எலும்புகள் உடைந்து, நுரையீரலில் துளைவிழுந்து, சில ஆட்டங்களை இழந்து, நெஞ்சைச் சுற்றிக் கவசம் கட்டிக்கொண்டு திரும்பியவர் யுனைட்டாஸ். நியூ யோர்க் ஜயன்ற்ஸ் 17, கோல்ற்ஸ் 14. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம்தான் மிச்சம். 86 யார் தூரம் கடக்கவேண்டும். அடுத்தடுத்து மூன்று எறிவுகள் பெரிக்கே போயின, மொத்தம் 62 யார். ஏழு வினாடிகள் மிஞ்சியிருக்க, கோல்ற்ஸ் உதைத்துச் சமன் செய்தது. அமெரிக்கத் தொழில்முறை இறுதிப்போட்டி ஒன்று மேலதிக நேரத்துக்குப் போனது அதுதான் முதல்முறை. அங்கே யுனைட்டாஸ் அணியை 80 யார் நடத்திச் சென்றார், அலன் அமீச்சி கடைசி ஒரு யாரை ஓடி முடித்தார். 23க்கு 17. பெரி அன்று 12 பந்துகளைப் பிடித்திருந்தார். தொலைக்காட்சியில் ஏறக்குறைய 4 கோடி 50 இலட்சம் பேர் பார்த்தார்கள். அந்த ஆட்டம் அமெரிக்க வீடுகளுக்குள் தொலைக்காட்சி வழியாக நுழைந்து நிலைத்தது அந்த நாளில்தான் என்பார்கள்.

மற்றச் சாதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடர்ச்சியாக 47 ஆட்டங்களில் புள்ளி எடுத்த எறிவு, 2012 வரை யாரும் முறியடிக்கவில்லை. 5,186 எறிவுகள், 40,239 யார். 40,000 யாரைக் கடந்த முதல் ஆள். 1979இல் புகழ்மண்டபத்தில் இடம். இந்த எண்கள் எல்லாம் ஆட்டங்களில் எறிந்தவை மட்டும். பயிற்சியில், இருட்டில், மண்தரையில் எறிந்தவற்றுக்குக் கணக்கு இல்லை.

1968 பருவத்துக்கு முந்திய கடைசி ஆட்டத்தில் முழங்கையின் தசை கிழிந்தது. அவருக்கு அப்போது 35 வயது. அந்த ஆண்டு அணியை வேறொருவர் நடத்தினார். 1969 ஜனவரியில் நடந்த சுப்பர் போல் இறுதியில், தோற்றுக்கொண்டிருந்த அணிக்குள் கடைசி நேரத்தில் யுனைட்டாஸை அனுப்பினார்கள். அன்று கோல்ற்ஸ் எடுத்த ஒரேயொரு புள்ளியடைவு அவர் நடத்தியதுதான். 1971 ஜனவரியில் சுப்பர் போல் வென்ற அணியில் அவர் இருந்தார். 1973இல் சான் டியாகோவுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு ஓய்வு.

அதன் பிறகுதான் அந்தக் கை பழிதீர்த்தது. முழங்கால்கள் இரண்டும் செயற்கையானவை. அதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. வலது கையின் விரல்கள் பலமிழந்து போயின. 60 வயதளவில் கை முற்றாக ஒத்துழைக்க மறுத்தது. சுத்தியல் பிடிக்க முடியாது. வாள் பிடிக்க முடியாது. சட்டைத் தெறி பூட்ட முடியாது. கோல்ஃப் விளையாடும்போது இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடித்துத் தடியைச் சுற்றி வைத்து, ஒட்டுப்பட்டியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அடிப்பார்.

இயலாமைக்கான கொடுப்பனவு கேட்டு லீக்கிடம் விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். 55 வயதுக்கு முன் விண்ணப்பித்திருக்கவேண்டும் என்பது விதி. கை முற்றாகச் செயலிழந்ததோ 60 வயதளவில். மாதாந்த ஓய்வூதியம் வருகிறதே என்பது இன்னொரு பதில். அவர் மட்டுமல்ல, அவர் காலத்தில் ஆடிய பலர் உடைந்த முழங்கால்களோடும் மரத்துப்போன கைகளோடும் இதே வாசலில் நின்றார்கள். அவருடைய பெயருக்கே கதவு திறக்கவில்லை என்றால் பெயரில்லாதவர்களின் நிலையை யோசித்துப் பார்க்கலாம்.

2002 செப்ரெம்பர் 11ஆம் திகதி பால்ரிமோருக்கு அருகே ரிமோனியம் என்ற இடத்தில் உள்ள உடற்பயிற்சிச் சிகிச்சை நிலையத்தில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்தார். வயது 69.

அப்பாவின் கை ஆட்டத்தில் போகவில்லை. 2009 பெப்ரவரியில், வன்னியில், ஷெல் துண்டொன்று வலது முன்கையைக் கிழித்துக்கொண்டு போனது. அன்றைக்குக் கையைக் காப்பாற்றியதே பெரிய காரியம். எலும்பு பொருந்தியது, நரம்பு பொருந்தவில்லை. முதலில் இரண்டு விரல்கள், பிறகு ஆண்டுகள் போகப் போக முழுக் கையும். யுனைட்டாஸின் கையோடு இதை ஒப்பிடுவது சரியா என்று பலதரம் யோசித்தேன். ஒருவர் தான் விரும்பிய ஆட்டத்துக்குக் கொடுத்தார், மற்றவரிடம் கேளாமலே எடுத்தார்கள். அந்த வித்தியாசத்தை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் சுத்தியல், வாள், சட்டைத் தெறி என்று அந்த வரிசையைப் படித்தபோது நான் படித்துக்கொண்டிருந்தது அமெரிக்கர் ஒருவரின் வாழ்க்கையாக இருக்கவில்லை. படிவங்களும் அப்படித்தான். அப்பாவின் விண்ணப்பம் ஒன்றும் திகதி பிந்தியதால் திரும்பி வந்தது. காயம் எப்போது பட்டது என்றுதான் படிவம் கேட்கிறது. கை எப்போது நின்றுபோனது என்று எழுத அதில் இடம் இல்லை.

மருமகன் நேற்றிரவு புதிய காணொளி அனுப்பியிருந்தான். பனி தொடங்குமுன் எடுத்தது. முன்கால் சரியாக வைக்கிறான். முழங்கை இன்னும் சற்றுத் தொய்கிறது, அதைப் பயிற்றுநர் பார்த்துக்கொள்வார். எறிந்த பிறகு கையை அதிகம் முறுக்கவேண்டாம், நோ வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடு, நோவை யாருக்கும் மறைக்காதே என்று எழுதினேன். ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வைக்கவும் சொன்னேன். பதினாறு வயதுப் பையனுக்கு அது விசித்திரமாகத்தான் இருக்கும்.

அப்பா காணொளியை மூன்று தரம் போடச் சொல்லிப் பார்த்தார். யுனைட்டாஸைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் அவருக்குக் காசு கிடைத்ததா என்று மட்டும் விசாரித்தார். இல்லை என்றேன். இன்று காலை மறுபடி ஓர் அலுவலகத்துக்குப் போகவேண்டியிருந்தது. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். கீழிருந்து ஒவ்வொரு தெறியாகப் பூட்டிவிட்டேன். மேல்தெறிக்குக் கை போனதும் வேண்டாம் என்று தலையசைத்தார். வெக்கையாம்.